அப்பாரு கைவிட்ட கொள்ளு

எங்கள் வீட்டில் கொள்ளு வேகாது. கொங்கு நாட்டாரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். கொள்ளுப் பருப்பு கடையாத வீட்டையோ, சளி பிடித்த பிள்ளைக்குக் கொள்ளு ரசம் வைக்காத ஆத்தாவையோ இந்தப் பக்கத்தில் காண்பது அரிது. அண்ணி மணமாகி வந்த முதல் மாதம், ஒரு மாலையில் கொள்ளு ஊறப்போட்டார். அம்மா சத்தமில்லாமல் அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தார். அண்ணி அதிர்ந்துபோனார். காரணத்தை அண்ணன் அன்றிரவு சொல்லியிருக்க வேண்டும். அதன்பின் அவரும் ஊறப்போடவில்லை.

அந்தக் காரணத்தைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம். நாங்கள் மூவர். மூத்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். இளையவள் ஈரோட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நடுவில் பிறந்தது தமிழ் முதுகலை படித்துக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது. எழுதும் வேலை இயல்பாகவே நடுவில் பிறந்ததன் தலையில் விழுந்தது. ஆனால் நினைவு மூவருக்கும் பொது. ஆகவே ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அப்பாரு அவிநாசியில் குதிரை வண்டி ஓட்டியவர். பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்களைக் கோயிலுக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் கொண்டுபோய் விடுவார். சந்தை நாளில் காய்கறி மூட்டை ஏற்றுவார். நகரப் பேருந்துகளும் ஆட்டோக்களும் பெருகிய பின்னர், 1980களின் இறுதியில், வண்டித் தொழில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேரை ஏற்றி இறக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. “வண்டிய வித்துப்போடலாமுங்க” என்று அப்பா சொன்னபோதெல்லாம், “செவல இருக்கற வரைக்கும் இருக்கட்டும்” என்பதே அவர் பதில்.

செவலை ஒரு மட்டக்குதிரை. காயடித்தது. பதினேழு பதினெட்டு வயது இருக்கும் என்று அப்பாரு கணக்குச் சொல்வார். வீட்டில் யாருக்குச் சோறு வைத்தார்களோ இல்லையோ, மாலையில் செவலைக்குக் கொள்ளு வைக்க வேண்டும். ஊறவைத்து, அரைவேக்காடாக வேகவைத்து, சூடு ஆறியபின் தவிட்டோடு பிசைந்து தீனிப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுவார். அந்தப் பையிலிருந்து இரண்டு கொள்ளைத் திருடித் தின்பது எங்கள் மாலை விளையாட்டு.

1990ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம், அடைமழை. பிள்ளைகளை இறக்கிவிட்டு நனைந்து திரும்பிய செவலைக்கு அன்று அப்பாரு வழக்கத்தைவிட ஒரு பிடி கூடுதலாகக் கொள்ளு வைத்தார். குளிருக்குச் சூடாக இருக்கட்டும் என்ற எண்ணம். இரவு ஒன்பது மணிக்கு அது காலால் தரையைப் பறிக்கத் தொடங்கியது. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது. படுத்தது, எழுந்தது, மீண்டும் படுத்துப் புரண்டது. மழைக்குளிரிலும் அதன் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. அப்பாரு சுக்கும் ஓமமும் காயமும் இடித்துக் கஷாயம் வைத்து மூங்கில் குழாயில் ஊற்றினார். கயிற்றைப் பிடித்துத் தேர்வீதி நெடுக நடத்தினார். நாங்கள் மூவரும் அரிக்கேன் விளக்கோடு பின்னாலேயே போனோம்.

பதினொரு மணிக்கு மருத்துவர் வந்தார். மழையில் டிவிஎஸ் 50 ஓட்டிக்கொண்டு வந்த அந்த மனிதரை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். அவரிடம் இருந்தவை ஒரு இதயத்துடிப்பு மானி, ஒரு வெப்பமானி, இரண்டு ஊசிகள், தம் கை. காதை வைத்துக் கேட்டார். ஈறைப் புரட்டிப் பார்த்தார். ஊசி போட்டார். “உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியலீங்க. விடியட்டும், பாக்கலாம்” என்றார். அதைவிட நேர்மையாக அன்று யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது.

விடிவதற்குச் சற்று முன்னால் செவலை இறந்தது. அந்த ஏழெட்டு மணி நேரமும் அது பட்ட வலியை எழுத எங்களால் முடியவில்லை.

காலையில் ஊர் கூடியது. ஆளுக்கொரு தீர்ப்பு. கண்ணேறு என்றார் ஒருவர். நனைந்த உடம்போடு தீனி வைத்ததுதான் என்றார் இன்னொருவர். “கொள்ளு கூடிப்போச்சு” என்று மூன்றாமவர் சொன்னதை அப்பாரு பிடித்துக்கொண்டார். மறுநாள் சாப்பாட்டுத் தட்டில் இருந்த கொள்ளுப் பருப்பை ஒதுக்கி வைத்தார். 2003இல் கண் மூடும் வரை, பதின்மூன்று ஆண்டுகள், அவர் கொள்ளைத் தொடவில்லை. அவர் உண்ணாததை ஆத்தா சமைக்கவில்லை. ஆத்தா சமைக்காததை அம்மாவும் சமைக்கவில்லை. வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

*

அவிநாசியில் பிறந்து தமிழ் படித்தவர்கள் சுந்தரரைத் தவிர்க்க முடியாது. முதலை விழுங்கிய பிள்ளையை ஆண்டுகள் கழித்து மீட்டுக் கொடுத்த தலம் இது, பழம்பெயர் திருப்புக்கொளியூர். பெரியபுராணத்தில் இந்நிகழ்ச்சி வெள்ளானைச் சருக்கத்தில் வருகிறது. சுந்தரர் இவ்வூர் வழியாகச் சென்றதே தம் தோழர் சேரமான் பெருமாளைக் காணத்தான். அங்கிருந்துதான் அவர் வெள்ளை யானையில் கயிலை செல்கிறார். செய்தி அறிந்த சேரமான் தம் குதிரை மீதேறி, அதன் காதில் ஐந்தெழுத்தை ஓதுகிறார். குதிரை வானில் பாய்ந்து யானையை முந்துகிறது.

வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் வேறொன்றில் மனம் சென்று நிற்கும். சேரமானுக்குக் கழறிற்றறிவார் என்றொரு பெயர் உண்டு. எந்த உயிர் எதைச் சொன்னாலும் அதை உணர்ந்துகொள்ளும் அறிவை இறைவனிடம் பெற்றவர். குதிரையின் காதில் சொல்லத் தெரிந்தவர் என்பது மட்டுமில்லை. குதிரை சொன்னாலும் விளங்கிக்கொள்ளக்கூடியவர். அப்பாரு வேண்டியிருக்கக்கூடிய வரம் அதுவாகத்தான் இருக்கும். அந்த இரவு செவலை விலாவைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கேட்டுக்கொள்ளத் தெரிந்தவர் அங்கே இல்லை.

தமிழில் குதிரைக்குப் பெயர்கள் ஏராளம். பரி, புரவி, இவுளி, துரகம், மா என்று நிகண்டு அடுக்கிக்கொண்டே போகும். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. மாணிக்கவாசகருக்காகப் பகலில் வந்த பரிகள் இரவில் நரிகளான கதை நாடறிந்தது. ஆனால் வந்திறங்கிய குதிரைகள் பிறகு என்னவாயின? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ அதற்கு ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார். மன்னர் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறாராம். ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லையாம். பேணத் தெரியாததே காரணம் என்கிறார். அடுத்து அவர் சொல்வதுதான் நம்மைச் சுடுகிறது: குதிரை வணிகர்கள் தங்களோடு குதிரை வைத்தியரை அழைத்துவருவதும் இல்லை, வேறு வைத்தியர் வந்து சேர விடுவதும் இல்லை. இருக்கிற குதிரைகள் சாகச் சாகத்தானே புதிய குதிரைகள் விலைபோகும்!

பயணியின் கணக்கில் மிகை இருக்கலாம். இந்நாட்டில் அசுவ சாத்திரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. விராடன் அரண்மனையில் குதிரைகளைக் காத்த நகுலன் பெயரால் ஒரு நூல் வழங்குகிறது, தஞ்சை சரசுவதி மகால் நூலகம் அதைப் பதிப்பித்தும் இருக்கிறது. அறிவு எங்கோ இருந்தது. குதிரை புரண்டுகொண்டிருந்த லாயத்துக்கு, அந்த இரவுக்குள், அது வந்து சேரவில்லை. எழுநூறு ஆண்டுகள் கழித்து எங்கள் லாயத்துக்கும் அப்படித்தான் வந்து சேரவில்லை.

*

சேவூர்ப் பக்கத்தில் அண்ணனின் நண்பர் ஒருவர் தோட்டம் வைத்திருக்கிறார். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் ஒரு பெட்டைக் குதிரை வாங்கி வந்தார். காது நுனிகள் உட்புறம் வளைந்து ஒன்றையொன்று தொடும் கத்தியவார் சாதி. நாட்டில் குதிரைகள் அருகிவருகின்றன. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 இலட்சம்தான், 2012இல் 6 இலட்சத்துக்கு மேல் இருந்தன. இருந்தும் கொங்கு நாட்டில் திருமண ஊர்வலத்துக்கும் ரேக்ளாவுக்கும் வெறும் ஆசைக்குமாகக் குதிரை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நண்பர் மூன்றாம் வகை.

சென்ற ஆண்டு புரட்டாசியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அவர் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தார். “மாப்பள, குதிர படுத்துப் பொரளுது. உங்கப்பாரு குதிர வெச்சிருந்தவரு, உங்களுக்குத் தெரியுமேன்னு கூப்பிட்டேன்.” எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அது எப்படி முடியும் என்பது மட்டுமே. ஆயினும் போனோம்.

நாங்கள் சேர்ந்தபோது தோட்டத்தில் இரண்டு காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. குதிரை தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. நண்பர், குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஒடிசா இளைஞனைத் திட்டிக்கொண்டிருந்தார். “என்னத்தப் போட்ட? எவ்வளவு போட்ட?” அந்தப் பையனுக்குத் தமிழ் அரைகுறை. கையைக் குவித்து, இவ்வளவுதான், இவ்வளவுதான் என்று காட்டிக்கொண்டே இருந்தான். அந்தக் குவிந்த கையைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நினைவு வந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சற்று நேரத்தில் கால்நடை மருத்துவர் வந்தார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த இளைஞர். பெரும்பாலும் மாடுகளையும் ஆடுகளையும் பார்ப்பவர். குதிரை மீது தனி ஆர்வம். அவர் தோளில் ஒரு பை. முதலில் அதைத் திறக்கவே இல்லை. ஐந்து நிமிடம் எட்ட நின்று குதிரையைப் பார்த்தார். பிறகு நெருங்கிக் காதை வைத்துக் கேட்டார். இதயம் நிமிடத்துக்கு 48 முறை துடித்தது. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம், இது கொஞ்சம் கூடுதல், 60ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்றார். ஈறை விரலால் அழுத்தி விட்டார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவந்தது. வலதும் இடதுமாக வயிற்றின் ஓசையைக் கேட்டார். மூக்கு வழியாக ஒரு குழாயை இரைப்பைவரை செலுத்தினார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவும் நீரும் முன்னேற வழியின்றித் தேங்கினால் இரைப்பையே வெடித்துவிடும். குழாய் வழியாக எதுவும் பெருகி வரவில்லை. நல்ல அறிகுறி என்று தலையாட்டினார்.

பிறகுதான் பையைத் திறந்தார். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கிறார்களே, அதைப்போல உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. கழுத்து நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஒரு சொட்டை மெல்லிய பட்டை ஒன்றில் தொட்டார். ஒரு நிமிடத்துக்குள் எண் தெரிந்தது: 1.3.

“லாக்டேட்டுங்க” என்றார். குடல் முறுக்கிக்கொண்டால் அந்தப் பகுதிக்கு இரத்தம் போகாது. பிராணவாயு கிடைக்காத திசுக்கள் லாக்டேட்டைப் பெருக்கும். முதலில் அது வயிற்றறையில் ஊறும் நீரில் ஏறும், பிறகு இரத்தத்தில் ஏறும். இரத்தத்தில் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருப்பது இயல்பு. ஐயம் வலுத்தால் அடிவயிற்றில் ஊசி செலுத்தி அந்த நீரையும் எடுத்து அளப்பார்கள். இயல்பில் வைக்கோல் நிறத்தில் தெளிந்திருக்கும் நீர் சிவந்து வந்தாலோ, அதிலுள்ள லாக்டேட் இரத்தத்தில் உள்ளதைவிட வெகுவாகக் கூடியிருந்தாலோ, உள்ளே குடல் செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து இல்லை. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். அல்லது வலியில்லாமல் அனுப்பிவைக்க வேண்டும்.

“இப்போதைக்கு அது தேவையில்லீங்க” என்றார். தோள்வரை உறை மாட்டிக்கொண்டு உள்ளே கைவிட்டுப் பார்த்ததில், பெருங்குடல் வளைகிற இடத்தில் உலர்ந்த தீனி மாவுருண்டைபோல அடைத்திருப்பது தெரிந்ததாம். வலிக்கு ஊசி போட்டார். குழாய் வழியாகப் பேதி உப்புக் கரைத்த நீரை வாளி வாளியாக உள்ளே விட்டார். பின்னர் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் நடந்துபோய்க் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். தொட்டியின் அடியில் ஒரு சாண் தண்ணீர்தான் இருந்தது. இரண்டு நாளாக மோட்டார் ஓடவில்லை என்பது நண்பருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உலர்ந்த சோளத்தட்டு, குடிக்கப் போதாத நீர். நண்பர் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்துத் தேநீர் வந்தபோது முதல் குவளையை அந்த ஒடிசாப் பையனிடம் நீட்டினார்.

*

மூன்று மணிக்கு மறுபடியும் அளக்க வேண்டும் என்று மருத்துவர் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். ஒரு முறை பார்த்த எண்ணை நம்பக்கூடாது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம் என்றார். வெறுமனே ஓடி மிரண்ட குதிரைக்கும் லாக்டேட் ஏறும். உடம்பில் நீர் வற்றினாலும் ஏறும். இந்தக் கருவி முதலில் மனித விளையாட்டு வீரர்களுக்காக வந்ததாம். மனிதருக்குச் செய்த கருவியெல்லாம் குதிரைக்கு அப்படியே பொருந்துவதும் இல்லை. சர்க்கரை மானி குதிரை இரத்தத்தில் பிழையாகக் காட்டக்கூடும். இரத்த அணுவுக்கும் நீர்மத்துக்கும் இடையே சர்க்கரை பங்கிட்டிருக்கும் விதம் குதிரையில் வேறு.

காத்திருந்த நேரத்தில் அவருடைய பையைப் பற்றிக் கேட்டோம். மாடுகளுக்குச் சினை பார்க்க வாங்கிய கையடக்க மீயொலிக் கருவி ஒன்று இருந்தது. குதிரையின் விலாவில் வைத்தால் வீங்கிய குடல் வளையங்கள் தெரியும். வெளிநாடுகளில் லாயத்திலேயே செய்யும் சோதனைகள் பல வந்துவிட்டன என்றார். கிருமித்தொற்று இருந்தால் சில மணி நேரத்தில் பன்மடங்கு பெருகும் ஒரு புரதத்தை அளக்கும் பட்டை உண்டு. குட்டிக்கான சோதனை ஒன்றைச் சொன்னார். அதை மறக்க முடியவில்லை. மனிதக் குழந்தைக்குத் தாயின் நோயெதிர்ப்புப் பொருள்கள் கருவிலேயே வந்து சேர்ந்துவிடும். குதிரைக்குட்டி ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. பிறந்த முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலிலிருந்தே எல்லாவற்றையும் பெற்றாக வேண்டும். ஒரு நாள் கழிந்தால் குடலின் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். குட்டி போதுமான அளவு குடித்ததா என்பது பார்வைக்குத் தெரியாது, துள்ளிக்கொண்டுதான் நிற்கும். ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதித்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். குறைந்திருந்தால் வேறொரு குதிரையின் இரத்த நீர்மத்தை ஏற்றிக் காப்பாற்றலாம்.

“எல்லாத்தையும் பையிலேயே முடிச்சுட முடியாதுங்கண்ணா” என்றும் சொன்னார். 1880இல் கிரிஃபித் எவான்ஸ் என்ற இராணுவக் கால்நடை மருத்துவர், இன்று பாகிஸ்தானில் இருக்கும் தேரா இசுமாயில்கானில், ‘சுர்ரா’ நோய் கண்ட குதிரைகளின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து அதில் நெளியும் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். இன்றும் ஒரு கண்ணாடித் தகட்டில் இரத்தத் துளியை வைத்துப் பார்ப்பதே விரைவான வழி. ஆனால் இரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்திருக்கும் நாளில் கண்ணுக்குச் சிக்காது; அப்போது ஆய்வகச் சோதனை வேண்டும். அரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் உருவாக்கிய சுர்ரா எலிசா கருவித்தொகுப்பு 2022இல் வெளியிடப்பட்டது. கிளாண்டர்ஸ் நோய் இன்னும் கடுமையானது, மனிதருக்கும் தொற்றும். நோய் உறுதியானால் குதிரையைக் கொன்றுவிட வேண்டும். 1899இலேயே இதற்கென ஒரு சட்டம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அத்தகைய தீர்ப்பை ஒரு பட்டையின் நிறத்தைப் பார்த்து யாரும் எழுதிவிடக் கூடாது. மாதிரி ஹிசாருக்குப் போக வேண்டும். அவிநாசியிலிருந்து 2000 கிலோமீட்டருக்கு மேல். எதை லாயத்தில் தீர்மானிக்கலாம், எதை ஆய்வகத்துக்கு விட்டுவிட வேண்டும் என்று பிரித்தறிவதே மருத்துவம் என்பது அவர் பேச்சிலிருந்து எங்களுக்குப் புரிந்தது.

இவ்வளவும் பேசியபின் அண்ணன்தான் கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுக் கேள்வி. மழை, ஒரு பிடி கூடுதல் கொள்ளு, ஒன்பது மணி, வியர்வை, விடியலுக்கு முன் சாவு. எல்லாவற்றையும் ஒரு சாட்சியைப்போல வரிசையாகச் சொல்லிவிட்டு, “கொள்ளுனாலதானுங்களா தம்பி?” என்றார்.

மருத்துவர் உடனே பதில் சொல்லவில்லை. குதிரையின் வயதைக் கேட்டார். காயடித்ததா என்று கேட்டார். மட்டக்குதிரைதானே என்றும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: வயதான குதிரைகளில், அதிலும் காயடித்தவற்றிலும் மட்டக்குதிரைகளிலும், வயிற்றுக்குள் கொழுப்புக் கட்டிகள் நீண்ட காம்போடு தொங்கும். ஆண்டுக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருக்கும். ஒரு நாள் அந்தக் காம்பு சிறுகுடலைக் கயிறுபோலச் சுற்றி இறுக்கிவிடும். அன்று என்ன தின்றது என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. “நீங்க சொல்றதெல்லாம் அதுக்கும் பொருந்துதுங்க. ஆனா அதுதான்னு நான் சொல்லமாட்டேன். தானியம் கூடிப்போயும் குதிர செத்திருக்குது. அன்னைக்கு அளந்திருந்தா, வயித்துத் தண்ணிய எடுத்துப் பாத்திருந்தா, ராத்திரி பன்னண்டு மணிக்குள்ளயே குடல் சிக்கிக்கிச்சா இல்லையான்னு தெரிஞ்சிருக்கும். செத்த பிறகு வயித்தத் தொறந்து பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும். இப்பத் தெரியாதுங்கண்ணா.”

ஆறுதலுக்காகவேனும் அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்காக அவரை மதிக்கிறோம்.

சோதனை என்றால் நோயைக் கண்டுபிடித்துக் குணமாக்குவதற்கான வழி என்றே அதுவரை நினைத்திருந்தோம். அன்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது வேறொன்று தெரிந்தது. அன்றைய இரவில் அப்பாருவிடம் ஒருவர் அந்த எண்ணைக் காட்டியிருந்தாலும் செவலை பிழைத்திருக்காது. குதிரையை மயக்கி வயிற்றைத் திறக்கும் வசதி நள்ளிரவில் எட்டும் தொலைவில் எங்கே இருந்தது? ஆனால் விடியும்வரை அது புரண்டிருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு மணிக்கே ஓர் ஊசியில் அடங்கியிருக்கும். அதற்குப் பிறகான பதின்மூன்று ஆண்டுகள் அப்பாரு தம் தட்டிலிருந்து ஒன்றை ஒதுக்கி வைக்கவும் தேவையிருந்திருக்காது. ஒருவேளை, கொள்ளுதான் காரணம் என்றே தெரிந்திருக்கலாம். அப்போதும் அது தெரிந்த பிழையாக இருந்திருக்கும், அழுது தீர்த்திருப்பார். தெரியாத பிழையை அழுது தீர்க்க முடிவதில்லை. ‘தெரியவில்லை’ என்ற இடம் காலியாக இருக்கும்போது மனிதர்கள் அங்கே யாரையாவது கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். அப்பாரு தம்மையே நிறுத்திக்கொண்டார். நண்பர் அந்த ஒடிசாப் பையனை நிறுத்தப் பார்த்தார்.

மூன்று மணிக்கு எண் 1.1. இதயத்துடிப்பு 40. ஐந்தரை மணிக்குக் குதிரை வாலைத் தூக்கி லத்தி போட்டது. உலர்ந்த, சளி படிந்த உருண்டைகள். அதைப் பார்த்து வாழ்த்தொலி எழுப்பாத குறைதான். அந்தப் பையன் கீழே குனிந்து அவற்றை எண்ணவே தொடங்கிவிட்டான்.

*

வீடு திரும்பியபோது அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபத்தைந்து வயதாகிறது. நடந்ததை எல்லாம் சொன்னோம். கொழுப்புக் கட்டியைப் பற்றியும் சொன்னோம். அதுதான் என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் கூறியதையும் மறைக்கவில்லை. ஈரோட்டில் இருக்கும் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, அவளும் கேட்கும்படியாகவே சொன்னோம். அவள் அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தாள். அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

அப்பா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அந்தச் சாமான் என்ன வெலையாம்?” என்று கேட்டார்.

ஒரு நல்ல செல்பேசியின் விலை இருக்கும் என்றோம்.

“அன்னைக்கு வண்டியும் குதிரையும் சேத்தி வித்திருந்தாலும் அவ்வளவு வந்திருக்காது.” வாளியை மாட்டின் பக்கம் தள்ளிவைத்தார். “டாக்டரு வாயில சொல்லியிருந்தா அப்பாரு நம்பியிருக்கமாட்டாரு. நம்பரக் காட்டியிருந்தா நம்பியிருப்பாரு. மைல்கல்லப் பாத்தே பொழச்ச மனுசன்.”

சொல்லிவிட்டு அடுத்த வாளிக்குத் தண்ணீர் சேந்தப் போனார்.